கர்தினால் எங்கட ஆயருக்கும் மேலயா? ஆயர் பேரவை எண்டால் உண்மையில என்ன?

கரையோர மறையாசிரியர் | ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு கரையோரப் பங்கில பதினொரு வருசமா மறைக்கல்வி படிப்பிக்கிறன். இண்டைக்குக் காலமைப் பூசையில ஆயர் பேரவையின்ர அறிக்கை ஒண்டு வாசிச்சவை. பூசை முடிய 10ஆம் ஆண்டு வகுப்பு. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டுது: "சேர், இது கர்தினால் சொல்லி எழுதினதுதானே? அவர்தானே எங்கட ஆயருக்கும் மேல?" பின்வாங்கில இருந்த பெடியன் உடன, "அப்பிடியெண்டால் எங்கட ஆயர் கொழும்பைக் கேட்காமல் ஒண்டும் கதைக்கேலாது, என்ன சேர்?" எண்டான்.

எனக்கு மறுமொழி வரேல்ல. அடுத்த ஞாயிறு சொல்லுறன் எண்டு விட்டிட்டன். வீட்டை வந்து யோசிச்சால் எனக்கே வடிவா விளங்கேல்ல. "இலங்கை கத்தோலிக்க ஆயர் பேரவை" எண்டு பேப்பரில எத்தினை தரம் வாசிச்சிருப்பன். அது ஒரு சபையா, ஒரு கந்தோரா, கர்தினாலுக்கே இன்னொரு பேரா? தலைவரை ஆர் தெரியிறது? அது சொன்னால் எங்கட ஆயர் கேட்கத்தான் வேணுமா? தெரிஞ்சவை எழுதுங்கோ. பிள்ளையளுக்குப் பிழையாச் சொல்லிக் குடுக்கக் கூடாது.

---

ஆனைக்கோட்டையான் | ஞாயிறு, இரவு 9.05

கர்தினால்தான் இலங்கைத் திருச்சபைக்குத் தலைவர். 2019இல உயிர்த்த ஞாயிறுக் குண்டு வெடிச்ச நாளில இருந்து ரிவியில கதைச்சது அவர்தானே. வேற ஆரையும் நான் காணேல்ல.

---

பழைய குருமாணவன் | ஞாயிறு, இரவு 10.30

ஆனைக்கோட்டை அண்ணை, நீங்கள் சொல்லுறதுதான் கனபேர் நினைக்கிறது. அது சரியில்லை. 2019 ஏப்ரலில பேரவைத் தலைவரா இருந்தவர் பதுளை ஆயர் வின்ஸ்டன் பெர்னாண்டோ ஆண்டகை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதுக்கு முந்திப் பேரவைத் தலைவரா இருந்தவர், ஆனால் அந்த நேரம் இல்லை. தாக்கப்பட்ட கத்தோலிக்கக் கோயில்கள் ரெண்டும், கொச்சிக்கடை அந்தோனியாரும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியாரும், கர்தினால் பேராயரா உள்ள கொழும்பு உயர் மறைமாவட்டத்துக்குள்ள. செத்தது அவற்ற சனம். அதனால அவர் முன்னுக்கு நிண்டு கதைச்சார். அதுக்குப் பிறகு குருநாகல் ஆயர் ஹரல்ட் அன்ரனி பெரேரா ஆண்டகை தலைவரா வந்தார். ரெண்டு பேரும் கர்தினாலும் இல்லை, பேராயரும் இல்லை. பிள்ளையளுக்கு இந்த ஒண்டைச் சொன்னாலே பாதி விளங்கும், சேர்.

நான் கொழும்புத்துறைப் பெரிய குருமடத்தில சில வருசம் இருந்திட்டு வெளியில வந்தனான். அங்க படிச்ச திருச்சபைச் சட்டப் புத்தகம் இப்பவும் மேசையில கிடக்கு. கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

கர்தினால் எண்டது பாப்பரசருக்கு ஆலோசனை சொல்லுற பட்டம். 80 வயசு ஆகாட்டில் புதுப் பாப்பரசரைத் தெரிவுசெய்ய வாக்கும் இருக்கும். அந்தப் பட்டத்தை வச்சு யாழ்ப்பாணத்தில ஒரு சின்னப் பங்கைக்கூட ஆள ஏலாது. மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2009இல கொழும்புப் பேராயரா நியமிக்கப்பட்டவர், 2010இல கர்தினாலானவர். பேராயர் எண்ட முறையில அவருக்கு இன்னொரு பொறுப்பு இருக்கு. இலங்கை முழுக்க ஒரே திருச்சபை மாநிலம். அதுக்குக் கொழும்பு தலைமை ஆசனம், மற்ற 11 மறைமாவட்டங்களும் அதோட சேர்ந்தவை, யாழ்ப்பாணமும் அதுக்குள்ளதான். "சேர்ந்தவை" எண்டதைத்தான் நாங்கள் "கீழ்ப்பட்டவை" எண்டு எடுத்துப்போட்டம்.

436ஆம் சட்டத்தைப் பாருங்கோ. விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகுதா எண்டு பேராயர் கவனிக்கலாம், பிழை கண்டால் பாப்பரசருக்கு அறிவிக்கலாம். இன்னும் ஒண்டு ரெண்டு இருக்கு. அதுக்கு மேல மற்ற மறைமாவட்டத்தில அவருக்கு ஆளுகை அதிகாரம் இல்லை எண்டு அந்தச் சட்டமே சொல்லுது. எந்தக் கோயிலிலயும் வந்து அவர் பூசை வைக்கலாம், ஆனால் எங்கட மரியன்னை பேராலயம் எண்டால் எங்கட ஆயருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேணும். எவ்வளவு நுணுக்கமா எல்லை போட்டிருக்கினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

யாழ்ப்பாண ஆயரைப் பாப்பரசர் நேர நியமிக்கிறார், அவர் கணக்குச் சொல்லுறதும் பாப்பரசருக்குத்தான். இடையில ஆளில்லை.

சரி, அப்ப பேரவை எங்கயிருந்து வந்தது? ஒரு நாட்டு ஆயர்மார் கூடிக் கதைக்கிறது முந்தியும் நடந்ததுதான். ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல ஆயர்மாரைப் பற்றின விதித்தொகுப்பில அதுக்கு நிரந்தர வடிவம் குடுத்தது. அடுத்த வருசம் ஆறாம் பவுல் பாப்பரசர், இல்லாத இடங்களில பேரவையை அமைக்கச் சொன்னார். 1983இல வந்த சட்டத்தொகுப்பில 447இல இருந்து 459 வரைக்கும் பேரவையைப் பற்றித்தான். வருசத்தில ஒருக்காவாவது எல்லா ஆயர்மாரும் கூடவேணும். தலைவரையும் பொதுச்செயலாளரையும் அவையே தெரியவேணும். கொழும்புப் பேராயர்தான் வரவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. துணை ஆயர் தலைவரா வர ஏலாது எண்டு 1989இல உரோமையில விளக்கம் குடுத்தவை. மறைமாவட்டத்தை ஆளுற ஆயரா இருக்கவேணும், அவ்வளவுதான்.

மிச்சம் நாளைக்கு எழுதுறன். கரண்ட் போகப்போற மாதிரிக் கிடக்கு.

---

வண்ணைச் சைவன் | திங்கள், காலை 6.50

நான் சைவம். வண்ணார்பண்ணையில பிறந்து வளர்ந்தவன், படிச்சது பத்திரிசியார் கல்லூரியில. அதனால இந்த இழையை ஆசையோட வாசிக்கிறன். ஒரு கேள்வி. எங்கட கோயிலுகள் ஒவ்வொண்டும் தனித்தனி. தர்மகர்த்தா சபை, உரிமைக்காரர், உபயகாரர் எண்டு ஒவ்வொரு கோயிலுக்கும் ஒவ்வொரு நிருவாகம். எல்லாரையும் கூட்டி ஒரு குரலில கதைக்கிறது எண்டது எங்களுக்கு எப்பவும் கஷ்டம். உங்களுக்கு அது இருக்கெண்டு நான் பொறாமைப்பட்டதுண்டு. அப்பிடி ஒரு மேசை இருந்தும் வடக்கின்ர குரல் அதில பெலமா வரேல்ல எண்டு கத்தோலிக்க நண்பர்மார் கவலைப்படுறதையும் கேட்டிருக்கிறன். அது ஏன்?

---

பழைய குருமாணவன் | திங்கள், மாலை 5.15

வண்ணை அண்ணையின்ர கேள்விக்கு வரமுந்தி, பேரவை எங்கட வீட்டுக்குள்ள எப்பிடி வருகுதெண்டு சொல்லவேணும். ஆறு வருசத்தில பாதரை மாத்தினால் சனம் ஆயரோட கோவிக்குது, இல்லையா? 522ஆம் சட்டப்படி பங்குத்தந்தைக்குக் கால எல்லை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நியமிக்கலாம் எண்டு ஆயர் பேரவை ஒரு ஆணையால அனுமதிச்சால்தான் ஒரு ஆயர் அப்பிடி நியமிக்கலாம். பூசைக்குக் கட்டாயம் போகவேண்டிய எந்தக் கடன் திருநாளை ஞாயிறுக்கு மாத்திறது, வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கிறதுக்குப் பதிலா எந்தத் தவமுயற்சி, கலியாணம் செய்யிற வயசைச் சட்டத்தில உள்ளதை விடக் கூட்டுறதா, குருமாணவர் பயிற்சி எப்பிடி, இதெல்லாம் பேரவையின்ர கையில. கரித்தாஸ் இலங்கை செடெக் பேரவையின்ர சமூகப்பணிக் கிளை. எங்கட கியூடெக் யாழ் மறைமாவட்டத்தின்ர.

இந்த மாதிரிச் சட்டங்களுக்கு வாக்குரிமை உள்ள ஆயர்மாரில மூண்டில ரெண்டு பேரின்ர வாக்கு வேணும், பிறகு திருப்பீடத்தின்ர, அதாவது உரோமையில உள்ள பாப்பரசரின்ர ஆட்சிப்பீடத்தின்ர, இசைவும் வேணும். அதுக்குப் பிறகுதான் எல்லா மறைமாவட்டத்தையும் கட்டும். 455ஆம் சட்டம்.

---

கொக்குவில் தம்பி | திங்கள், இரவு 7.40

அண்ணை, உந்தக் கணக்கை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. 12 மறைமாவட்டம். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு வடக்கு கிழக்கில 4. மற்றப் பக்கம் கொழும்பு, கண்டி, காலி, சிலாபம், குருநாகல், அநுராதபுரம், பதுளை, இரத்தினபுரி எண்டு 8. 12இல மூண்டில ரெண்டு சரியா 8! கொழும்புத் துணை ஆயர்மாருக்கும் வாக்கிருந்தால் இன்னும் கூட. எங்கட நாலு ஆயர்மாரும் ஒண்டாய்ச் சேர்ந்து வேண்டாம் எண்டாலும் ஒண்டையும் மறிக்கேலாது. நாட்டுப் பாராளுமன்றத்தில எங்களுக்கு நடந்ததுதான் அங்கயும்.

2012இல போர்க்கால விசயங்களுக்கு இலங்கை பொறுப்புச் சொல்லவேணும் எண்டு ஐ.நா. மனித உரிமைப் பேரவையில ஜெனீவாத் தீர்மானம் வந்த நேரம், அது நாட்டு விசயத்தில தலையிடுறது எண்டு கர்தினால் சொன்னவர். 2022 மார்ச்சில அவரே ஜெனீவாவுக்குப் போய் உயிர்த்த ஞாயிறுக்கு நீதி கேட்டார். அவர் கேட்டது சரி. நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சனத்துக்கு நீதி வேணும். ஆனால் பத்து வருசத்துக்கு முந்தி எங்கட தாய்மார் கேட்டதும் அதுதானே. அதை நினைச்சால் எனக்கு நெஞ்சு பொருமுது.

---

மன்னார்க் கடல் | திங்கள், இரவு 9.20

தம்பியின்ர கோவம் விளங்குது. ஆனால் நான் கண்ட ஒண்டைச் சொல்லுறன்.

2011 ஜனவரியில, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைச்ச நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. எங்கட இராயப்பு யோசேப்பு ஆண்டகை ரெண்டு குருமாரோட போய் முன்னால இருந்தார். அரச கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவையும் ஐ.நா. கணக்கையும் எடுத்துத்தான் கணக்குச் சொன்னவர்: 2008 ஒக்ரோபரில வன்னியில 429,059 பேர், 2009 யூலை வரைக்கும் இராணுவக் கட்டுப்பாட்டுப் பக்கம் வந்தது 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? குற்றம் சாட்டுறன் எண்டு அவர் தொடங்கேல்ல. கணக்கை விளங்கப்படுத்துங்கோ எண்டுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவரை எத்தினை பேர் எப்பிடியெல்லாம் ஏசினவை எண்டு நாங்கள் பார்த்தனாங்கள். 2021 ஏப்ரல் 1இல கண்மூடும் வரைக்கும் அவர் அந்த எண்ணை விடேல்ல.

அவர் அதைச் சொல்ல ஆயர் பேரவையிட்ட அனுமதி கேட்கத் தேவையில்லை. பழைய குருமாணவன் சொன்ன சட்டம் அதுதான். பேரவைக்கு அவரை வாய்மூடச் சொல்ல அதிகாரமும் இல்லை. உங்கட பின்வாங்குப் பெடியனுக்கு இதைச் சொல்லுங்கோ, சேர். மன்னார் ஆயர் கொழும்பைக் கேட்டுக் கதைக்கேல்ல.

---

ஆனைக்கோட்டையான் | திங்கள், இரவு 9.31

உந்த எண்ணை நான் மறந்தே போனன். நன்றி.

---

பழைய குருமாணவன் | திங்கள், இரவு 11.10

கொக்குவில் தம்பி, உங்கட கணக்கு சரி. அது சட்டம் இயற்றுறதுக்கான கணக்கு. நீங்கள் கோவப்படுற விசயம் சட்டம் இல்லை, அறிக்கை. அதுக்கு வேற கணக்கு இருக்கு. இதைத்தான் நான் ரெண்டு நாளா எழுத நினைச்சனான்.

அதே 455ஆம் சட்டம், நாலாம் பந்தி. பொதுச்சட்டமோ திருப்பீடமோ தனியாப் பேரவைக்கு அதிகாரம் குடுக்காத விசயங்களில ஒவ்வொரு ஆயரின்ர அதிகாரமும் முழுசா அப்பிடியே இருக்கும். அந்த விசயங்களில எல்லா ஆயர்மாரின்ர பேரிலயும் பேரவையோ அதின்ர தலைவரோ செயற்பட ஏலாது, ஒவ்வொரு ஆயரும் தனித்தனி சம்மதம் தந்தால் ஒழிய. "எல்லாரும், ஒவ்வொருவரும்" எண்டு ரெண்டு சொல்லையும் போட்டிருக்கினம். போதனை சார்ந்த அறிக்கைக்கு 1998இல ரெண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் இன்னும் இறுக்கினவர்: ஒருமனதா வரவேணும், இல்லாட்டில் மூண்டில ரெண்டோட திருப்பீடத்தின்ர இசைவு வேணும்.

இது என்ன அர்த்தம்? "இலங்கை ஆயர்கள் நாங்கள் எல்லாரும்" எண்டு ஒரு வசனம் தொடங்கினால், அதுக்குப் பின்னால 12 சம்மதம் நிக்கவேணும். நாலு பேர்கூடத் தேவையில்லை, யாழ்ப்பாண ஆயர் ஒராள் "இதுக்கு என்ர பேரைப் போடவேண்டாம்" எண்டால் அந்த வசனம் நிக்காது. அங்க எங்கட ஆயர்மார் சிறுபான்மை இல்லை.

ஆனால் அதே கத்தி மற்றப் பக்கமும் வெட்டும். வண்ணை அண்ணை கேட்டாரே, மேசை இருந்தும் குரல் ஏன் பெலமா வரேல்ல எண்டு. 12 பேரும் ஒத்துக்கொள்ளுற வசனத்தைத் தேடிப் போனால், 12 பேரில ஆகத் தயங்கிற ஆள் எங்க நிக்கிறாரோ அங்கதான் அந்த வசனமும் போய் நிக்கும். காலியில ஒரு பங்கில வாசிக்கிற அதே தாளைத்தான் முல்லைத்தீவிலயும் வாசிக்கவேணும். அங்க பிள்ளை இராணுவத்தில செத்த தாய் இருக்கிறா. இங்க பிள்ளையை இராணுவத்திட்டக் கையளிச்சிட்டுத் தேடுற தாய் இருக்கிறா. ரெண்டு தாய்மாரும் செபமாலை சொல்லுறவை. உண்மையைக் குறைக்காமல் அந்த ரெண்டு பேருக்கும் முன்னால வாசிக்கக்கூடிய ஒரு தாளை எழுதுறது எவ்வளவு பாரமான வேலை எண்டு நினைச்சுப் பாருங்கோ.

பேரவைத் தலைவரின்ர வேலை அதுதான் எண்டு நான் நினைக்கிறன். மறைமாவட்டங்களுக்கு மேல அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. அவரிட்ட இருக்கிறது கூட்டத்துக்குத் தலைமை தாங்கிற கதிரையும், பேசாமல் இருக்கிற ஆயரைப் பேசவைக்கிற பொறுப்பும். அதைச் செய்யத் தெரிஞ்சவர் வந்தால் பேரவை உயிரோட இருக்கும். ஆகத் தயங்கிற ஆளைக் கொஞ்சம் முன்னுக்குக் கூட்டிக்கொண்டு வாறது, அதுதான் தலைமை.

---

நவாலியாள் | செவ்வாய், அதிகாலை 5.25

நான் கணக்கும் சட்டமும் தெரிஞ்சவள் இல்லை. செபம் முடிச்சிட்டு எழுதுறன்.

1995 யூலை 9. குண்டு, ஷெல் எண்டால் கோயிலுகளில போய் இருங்கோ எண்டு சொல்லித்தானே சனம் எங்கட பேதுருவானவர் கோயிலுக்கு வந்தது. வடலியடைப்பு, சண்டிலிப்பாய்ப் பக்கம் இருந்தெல்லாம் நடந்து வந்த சனம். சைவச் சனம்தான் கன. பின்னேரம் விமானம் போட்டுது. நூறுக்கு மேல செத்துப்போச்சினம். எனக்கு அப்ப இருபத்தி மூண்டு வயசு. தண்ணி அள்ளிக் குடுத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கு மேல எழுத விருப்பமில்லை.

அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி, 1993 கார்த்திகையில, குருநகர் யாகப்பர் கோயிலுக்கும் போட்டவை. 1999இல மடு. மடுமாதாவின்ர முற்றத்தில. அங்க அடைக்கலம் எண்டு போன சனம்.

தம்பி பழைய குருமாணவன், நீங்கள் எழுதின அந்த ரெண்டு தாய்மாரின்ர கதையை ரெண்டு தரம் வாசிச்சன். எனக்கு ஒண்டு கேட்கவேணும். தெற்கில ஒரு ஆயர் மேசையில இருக்கேக்க, நவாலி எண்ட பேர் அவருக்குத் தெரியுமா? கட்டுவாப்பிட்டி எண்ட பேர் எனக்குத் தெரியும். 2019இல செய்தி கேட்ட உடன எனக்குக் கை நடுங்கிச்சுது. செபஸ்தியார் கோயிலில யேசுவின்ர சுருவத்தில இரத்தம் தெறிச்ச படம் பார்த்து நான் அழுதன், அவையள் சிங்களம் கதைக்கிற சனம் எண்டு நான் யோசிக்கேல்ல. கோயிலுக்குள்ள செத்தது எண்டால் எனக்கு எல்லாம் ஒண்டுதான். அண்டைக்குப் பின்னேரம் எங்கட கோயிலில மணி அடிச்சு மெழுகுதிரி கொளுத்தினனாங்கள். எங்களுக்கும் அப்பிடி அங்க ஆரும் கொளுத்தினவையோ? எனக்குத் தெரியாது. கொளுத்தியிருப்பினம் எண்டுதான் நம்பிறன்.

ஆயர்மார் கூடேக்க சட்டம் கதைக்கட்டும். ஒருக்கா நவாலியில கூடட்டும்.

---

மன்னார்க் கடல் | செவ்வாய், காலை 7.02

அக்கா. 🙏

---

கொக்குவில் தம்பி | செவ்வாய், காலை 7.45

அக்கா, நான் 2001இல பிறந்தவன். நவாலியை நாங்கள் ஒரு திகதியாத்தான் படிச்சனாங்கள். மன்னியுங்கோ. நான் நேற்று எழுதினதில கட்டுவாப்பிட்டிச் சனத்தை நோகப்பண்ணுற மாதிரி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது எண்டு திரும்ப வாசிச்சுப் பார்த்தன்.

---

ரொறன்ரோவிலிருந்து | செவ்வாய், இரவு 8.00 (உங்கட நேரம்)

நான் குருநகர். 1990இல வெளிக்கிட்டனான். இங்க கனடாவில நடந்ததைச் சொன்னால் பேரவை எண்டதின்ர பெலமும் பெலவீனமும் விளங்கும்.

இங்க பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தேப்பனிட்ட இருந்து பிரிச்சு விடுதிப் பள்ளிக்கூடங்களில அடைச்சவை. அதில கனக்கக் கத்தோலிக்க சபைகள் நடத்தினவை. திருச்சபை மன்னிப்புக் கேட்கவேணும் எண்டு அந்தச் சனம் கனகாலமாக் கேட்டது. அப்ப சொல்லப்பட்ட மறுமொழி, ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு துறவற சபையும் தனித்தனிப் பொறுப்பு, முழுத் திருச்சபையின்ர பேரில மன்னிப்புக் கேட்க ஒரு அமைப்பு இல்லை எண்டது. சட்டப்படி அது பொய்யில்லை, பழைய குருமாணவன் சொன்ன அதே சட்டம்தான். ஆனால் காயப்பட்ட சனத்துக்கு அந்தச் சட்டம் ஒரு மதில் மாதிரி நிண்டது.

2021இல கம்லூப்ஸ் எண்ட இடத்தில, உந்தப் பள்ளிக்கூடம் ஒண்டு இருந்த நிலத்தில அடையாளமில்லாத புதைகுழிகள் எண்டு செய்தி வந்து நாடே குலுங்கிச்சுது. அந்த வருசம் செப்ரெம்பர் 24இல கனடா ஆயர்மார் எல்லாரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டினம். அடுத்த கிழமையே, நாடு முழுக்க உள்ள மறைமாவட்டங்கள் சேர்ந்து ஐஞ்சு வருசத்தில 30 மில்லியன் டொலர் குடுக்கிறதெண்டு உறுதி சொன்னவை. 2022 யூலையில பாப்பரசர் பிரான்சிஸ் நேர வந்து மன்னிப்புக் கேட்டார்.

சட்டம் மாறேல்ல. முந்தி இருந்த அதே சட்டம்தான். "ஏலாது" எண்டு சொன்னவை பிறகு "செய்வம்" எண்டு சொன்னவை. ஒவ்வொரு ஆயரின்ர சம்மதமும் தேவை எண்டது, ஒவ்வொரு ஆயரையும் போய்க் கேட்டால் நடக்கும் எண்டும்தானே அர்த்தம்?

---

வண்ணைச் சைவன் | புதன், காலை 6.30

ரொறன்ரோ அண்ணையின்ர கடைசி வரி எனக்குப் பிடிச்சுது. நான் வெளியாள், ஆனாலும் கேட்கிறன். ஒவ்வொரு ஆயரையும் போய்க் கேட்கிறது ஆர்? பொதுச்சனம் கேட்கலாமா? உங்கட சட்டத்தில அதுக்கு இடம் இருக்கா?

---

பழைய குருமாணவன் | புதன், மாலை 4.50

இருக்கு அண்ணை. 212ஆம் சட்டம், மூண்டாம் பந்தி. திருச்சபையின்ர நன்மை சம்பந்தப்பட்ட விசயங்களில தங்கட மனசில பட்டதை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை இருக்கு, சில வேளை கடமையும் கூட எண்டு எழுதியிருக்கு. மரியாதையோட, விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் குறை வராமல். நாங்கள் இதைப் பாவிக்கிறதில்லை. பாதரைப் பற்றி ஆயருக்கு மொட்டைக் கடிதம் எழுதத் தெரியும், கையெழுத்து வச்சு ஒரு நல்ல யோசனை எழுதத் தெரியாது. இது எனக்கு நீண்ட நாள் மனவருத்தம்.

வடக்கு கிழக்கு ஆயர்மார் தங்களுக்குள்ள கூடிக் கதைக்கிறதை இன்னும் பெலப்படுத்தவேணும் எண்டும் நினைக்கிறன். இந்தியாவில தேசியப் பேரவை இருக்கத்தக்கதாத் தமிழ்நாட்டு ஆயர்மாருக்குத் தனி ஆயர் பேரவை இருக்கு. நாலு பேரும் முதல்ல ஒரு சொல்லுக்கு வந்திட்டு அந்தச் சொல்லோட மேசைக்குப் போனால் அதின்ர பாரமே வேற. எங்கட நாலு ஆயர்மாரின்ர சனத்தில தமிழர் எல்லாரும் அடங்கேல்ல எண்டதும் ஞாபகம் இருக்கட்டும். பதுளையில, கண்டியில, இரத்தினபுரியில தோட்டத்தில இருக்கிற கத்தோலிக்கர் தமிழர்தான். நீர்கொழும்பிலயும் சிலாபத்திலயும் தமிழ்ப் பூசைக்குப் போற சனம் இருக்கு. 8 எதிர் 4 எண்டு பிரிச்சால் அவையளை ஆரோட சேர்க்கிறது, தம்பி? அந்த ஆயர்மாருக்கும் தமிழ்ச் சனத்தின்ர பொறுப்பு இருக்கு. அந்தக் கதவைத் தட்டாமல் விட்டது எங்கட பிழையும்தான்.

---

கொக்குவில் தம்பி | புதன், இரவு 8.15

அதை நான் யோசிக்கேல்ல. பதுளை ஆயர் பேரவைத் தலைவரா இருந்தவர் எண்டு நீங்களே முதல் பதிவில எழுதினீங்கள். தோட்டச் சனத்தின்ர ஆயர் அவர். சரி, 8 எதிர் 4 எண்ட என்ர கணக்கை நான் திரும்ப எடுக்கிறன். 2012ஐப் பற்றின என்ர வருத்தம் அப்பிடியேதான் இருக்கு, அதை மறைக்க மாட்டன்.

---

ஆனைக்கோட்டையான் | வியாழன், இரவு 9.00

மறைக்கத் தேவையில்லை தம்பி. நான் ஒண்டு சொல்லுறன். நான் ஐம்பத்தாறு வருசமாக் கோயிலுக்குப் போறன். ஞாயிறில அறிக்கை வாசிச்சால், எப்ப முடியும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவன். இனி வாசிக்கேக்க ஆர் கையெழுத்து எண்டு கவனிப்பன். பேரவையோ, கர்தினாலோ, எங்கட ஆயரோ எண்டு.

---

கரையோர மறையாசிரியர் | ஞாயிறு, பகல் 1.20

எழுதின எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு வகுப்பு முடிஞ்சுது, நடந்ததைச் சொல்லுறன்.

கரும்பலகையில ஒரு வட்ட மேசை கீறினன். 12 கதிரை. பிள்ளையளை ஒவ்வொரு மறைமாவட்டப் பேரையும் சொல்லச் சொன்னன். ஒன்பதுதான் வந்தது. காலியையும் இரத்தினபுரியையும் அநுராதபுரத்தையும் நான் எழுதினன். பிறகு மேசைக்கு மேல உயரத்தில ஒரு கதிரை கீறட்டா எண்டு கேட்டன். போன கிழமை கேட்ட அதே பிள்ளை, "கீறாதேங்கோ சேர், எல்லாம் ஒரே உயரம்" எண்டுது. நான் படிப்பிக்க முந்தியே சொல்லிப்போட்டுது. தேப்பன் இந்த இழையை வாசிக்கிறவராம்.

455ஆம் சட்டத்தை நான் இப்பிடித்தான் சொன்னன்: "எல்லாரும் சேர்ந்து ஒரு தவமுயற்சியைக் குறிக்க எட்டுப் பேரும் உரோமையின்ர இசைவும் காணும். 'நாங்கள் எல்லாரும் சொல்லுறம்' எண்டு சொல்ல பன்னிரண்டு பேரும் வேணும்." பின்வாங்குப் பெடியனுக்கு இராயப்பு யோசேப்பு ஆண்டகையின்ர 146,679ஐ எழுதிக் காட்டினன். அவன் கனநேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கொப்பியிலயும் எழுதினான். அவன்ர அம்மம்மாவின்ர தம்பி, இறுதிப் போரில சனம் இராணுவத்திட்டச் சரணடைஞ்ச வட்டுவாகலில காணாமல் போனவர் எண்டு பிறகுதான் எனக்குத் தெரியும்.

நவாலி அக்காவின்ர பதிவை, அவவின்ர பேர் சொல்லாமல், வாசிச்சுக் காட்டினன். அனுமதி கேட்காமல் வாசிச்சதுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கோ அக்கா. முடிய ஒரு பிள்ளை கேட்டுது, "சேர், ஆவணியில மடுத் திருவிழாவுக்குத் தெற்கில இருந்தும் ஆயர்மார் வருவினம்தானே. அண்டைக்கு நவாலி, குருநகர், மடு, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி எண்டு கோயிலுக்குள்ள செத்த எல்லாரையும் ரெண்டு மொழியிலயும் சொல்லிச் செபிக்கேலாதா?"

212ஆம் சட்டத்தைப் பலகையில எழுதினன். பதினேழு பிள்ளையளும் சேர்ந்து எங்கட ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினவை. ஒரு பக்கம்தான். எல்லாரும் கையெழுத்து வச்சவை. மன்னாரில உள்ளவை அங்கத்தை ஆயருக்கும் ஒரு பிரதி குடுக்க உதவி செய்வீங்களோ? மடு உங்கட மறைமாவட்டம்தானே. சிங்களத்தில எழுதத் தெரிஞ்ச ஆரும் இருந்தால் தனிமடலில வாங்கோ. சிலாபத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பப் பிள்ளையளுக்கு விருப்பம்.

---

மன்னார்க் கடல் | ஞாயிறு, பகல் 1.48

மன்னார்ப் பிரதியை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன், சேர். செவ்வாய்க்கிழமை ஆயர் இல்லப் பக்கம் அலுவல் இருக்கு.

---

நவாலியாள் | ஞாயிறு, மாலை 6.10

என்ர பேரைச் சொல்லியே வாசியுங்கோ தம்பி. எனக்குச் சிங்களம் எழுதத் தெரியாது, ஆனால் மகள் கொழும்பில படிச்சவள். அவளிட்டக் குடுக்கிறன், கடிதத்தை அனுப்பிவிடுங்கோ.